எட்கர் காட்

எட்கர் ஃபிராங்க் காட் (1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஆவார். ரிலேஷனல் மாதிரி என்று பரவலாக அறியப்படும் தொடர்புசால் தரவு மாதிரியை உருவாக்கியவர் இவரே. வங்கிக் கணக்குகள், அலுவலகச் சம்பளப் பட்டியல்கள், நூலகப் பதிவேடுகள் எனப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் மிகப் பல தரவுத்தளங்கள் இம்மாதிரியின் அடிப்படையில் அமைந்தவை. தரவு சேமிக்கப்படும் முறை மாறும்போது அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் நிரலையும் மாற்றி மீண்டும் வழங்கவேண்டிய நிலை இருக்கக்கூடாது என்பது இவரது ஆய்வின் மையக் கருத்தாகும். இக்கருத்து தரவுச் சார்பின்மை எனப்படுகின்றது. தரவுத்தளத் துறைக்கு ஆற்றிய பங்களிப்புக்காக 1981 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

எட்கர் காட் இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் மாவட்டத்தைச் சேர்ந்த போர்ட்லன்ட் தீவில் பிறந்தார். தந்தை தோல் பொருள் உற்பத்தித் தொழில் செய்தவர். தாய் பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவரே கடைசிப் பிள்ளை. பூல் நகரில் உள்ள இலக்கணப் பள்ளியில் கல்வி கற்றபின், உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் எக்செட்டர் கல்லூரியில் சேர்ந்தார். தொடக்கத்தில் வேதியியலைப் பாடமாக எடுத்துக்கொண்டார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர் என்ற முறையில் படைப்பணியைத் தள்ளிப்போடும் வாய்ப்பு இவருக்கு இருந்தும், தாமாகவே முன்வந்து பிரித்தானிய அரச வான்படையில் சேர்ந்தார். கடலோரப் பாதுகாப்புப் பிரிவில் சண்டர்லன்ட் வகைப் பறக்கும் படகுகளின் விமானியாகப் பணியாற்றினார். விமானப் பயிற்சியின் ஒரு பகுதி ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றது. பிற்காலத்தில் அந்நாட்டில் குடியேற விரும்பியதற்கு இப்பயணமும் ஒரு காரணமாகும். பொழுதுபோக்காக விமானம் ஓட்டும் ஆர்வம் வாழ்நாள் முழுவதும் இவரிடம் நீடித்தது.

போர் முடிந்தபின் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிக் கணிதத்துக்கு மாறினார். 1948 இல் பட்டம் பெற்றார்.

தொடக்ககாலப் பணிகள்

பட்டம் பெற்ற சிறிது காலத்தில் காட் அமெரிக்காவுக்குச் சென்றார். நியூயார்க்கில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் ஆண்களுக்கான விளையாட்டு உடைப் பிரிவில் விற்பனையாளராகச் சில காலம் வேலை செய்தார். பின்னர் டென்னசி பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் கணிதம் கற்பித்தார். 1949 இல் ஐபிஎம் நிறுவனத்தில் கணித நிரலாளராகச் சேர்ந்தார். அந்நிறுவனம் நியூயார்க்கில் நிறுவியிருந்த எஸ்எஸ்ஈசி என்னும் மாபெரும் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது இவரது முதற்பணியாகும். பின்னர் ஐபிஎம் 701 கணினியின் வடிவமைப்பிலும் பங்கேற்றார்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி முன்னின்று நடத்திய பொதுவுடைமை எதிர்ப்பு விசாரணைகள் காட்டுக்கு மன வருத்தத்தை ஏற்படுத்தின. இதனால் 1953 இல் அவர் கனடாவின் ஒட்டாவா நகருக்குச் சென்றுவிட்டார். அங்கு அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்துக்கான கணிப்புப் பணிகளைக் கவனித்து வந்தார். தம் பழைய மேலாளர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததைத் தொடர்ந்து 1957 இல் அமெரிக்காவுக்குத் திரும்பி, மீண்டும் ஐபிஎம்மில் இணைந்தார்.

இம்முறை ஸ்ட்ரெட்ச் எனப்பட்ட ஐபிஎம் 7030 கணினித் திட்டத்தில் பணியாற்றினார். ஒரே கணினியில் பல நிரல்களை ஒருங்கே இயக்கும் பன்னிரலாக்கம் அன்று புதிய துறை. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் எழுதிய நிரல்கள் ஒன்றையொன்று குழப்பாமல் இயங்கச் செய்யும் அமைப்பொன்றை உருவாக்கும் பணிக்கு இவர் தலைமை தாங்கினார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு

1961 இல் ஐபிஎம்மின் உதவித்தொகையுடன் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகருக்குச் சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பைத் தொடர்ந்தார். 1965 இல் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் கலத் தன்னியங்கி அவரது ஆய்வுப் பொருளாகும். ஜான் வான் நியூமன் இத்தகைய அமைப்பொன்றை, ஒவ்வொரு கலமும் 29 நிலைகளுள் ஒன்றில் இருக்கும் வகையில் வடிவமைத்திருந்தார். 8 நிலைகள் மட்டுமே அதற்குப் போதுமானவை என்று காட் நிறுவினார். இவ்வாய்வு 1968 இல் நூலாக வெளிவந்தது.

இவ்வாய்வுக்கும் தரவுத்தளங்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. எனினும், சிக்கலான ஒன்றை மிகக் குறைந்த கூறுகளைக் கொண்டு விளக்கும் நாட்டத்தை அவரது பிற்கால ஆய்விலும் காணலாம்.

பகிர்ந்த தரவுத்தளங்களின் சிக்கல்

1960களில் பெரிய நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளைத் துளையட்டைகளிலிருந்தும் காந்த நாடாக்களிலிருந்தும் வட்டுகளுக்கு மாற்றத் தொடங்கின. பல பிரிவுகளுக்கும் பொதுவான தரவை ஒரே இடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்வது இதனால் இயல்வதாயிற்று. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் ஐடிஎஸ் என்னும் வலையமைப்புத் தரவுத்தள அமைப்பை உருவாக்கினார். அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் தேவைக்காகத் தொடங்கப்பட்ட ஐபிஎம்மின் ஐஎம்எஸ், தரவை மர வடிவில், அதாவது மேல் கீழ்ப் படிநிலைகளாக அடுக்கி வைத்தது.

இவ்வகை அமைப்புகளில் தரவைத் தேடும் வழியை நிரலே அறிந்திருக்கவேண்டும். எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது, எந்தச் சுட்டியைப் பின்பற்றி அடுத்த பதிவுக்குச் செல்வது, பதிவுகள் எந்த வரிசையில் உள்ளன என்பன போன்ற விவரங்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

ஓர் அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு பணியாளர் பதிவேட்டைச் சம்பளப் பிரிவும், விடுப்புப் பிரிவும், ஓய்வூதியப் பிரிவும் தத்தம் நிரல்கள் வழியாகப் பயன்படுத்துகின்றன. துறைகளின் கீழ்ப் பணியாளர்கள் என்றிருந்த அடுக்கைத் திட்டங்களின் கீழ்ப் பணியாளர்கள் என்று மாற்ற நிர்வாகம் முடிவு செய்கின்றது. ஒரு பிரிவின் தேவைக்காகச் செய்யப்படும் இம்மாற்றம் மூன்று பிரிவுகளின் நிரல்களையும் பாதிக்கும். அவை அனைத்தையும் திருத்திச் சோதித்து, ஒரே நேரத்தில் பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை நிறுவவேண்டும். ஒரு நிரல் விடுபட்டாலும் அது நின்றுபோகும். அல்லது தவறான விடையைத் தரும். பயனர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, மாற்றம் செய்வதற்கே நிறுவனங்கள் தயங்கும் நிலை உருவாகியது.

1968 இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்கு மாற்றலாகி வந்த காட், இச்சிக்கலில் கவனம் செலுத்தினார். தரவுத்தள விற்பனையாளர் ஒருவரின் விளக்கவுரையைக் கேட்டபோது, அவருக்குத் தருக்கவியலின் அடிப்படைகூடத் தெரியவில்லை எனக் கண்டு வியப்படைந்ததே தம்மை இத்துறைக்குத் தூண்டியதாகக் காட் பின்னாளில் கூறியுள்ளார்.

1970 ஆய்வுக் கட்டுரை

காட் தமது கருத்துகளை முதலில் 1969 இல் ஐபிஎம்மின் உள்ளக ஆய்வறிக்கையாக எழுதினார். அவற்றை விரிவாக்கி, பெரிய பகிர்ந்த தரவு வங்கிகளுக்கான தொடர்புசால் மாதிரி பற்றிய கட்டுரையை ஏசிஎம் எனப்படும் கணினிப் பொறி கழகத்தின் இதழில் 1970 ஜூன் மாதம் வெளியிட்டார். 11 பக்கங்களே கொண்ட இக்கட்டுரை கணினி அறிவியலின் மிக முக்கியமான கட்டுரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

அக்காலத் தரவுத்தளங்களில் நிரல்கள் மூன்று வகையில் தரவின் அமைப்பைச் சார்ந்திருப்பதாக அவர் வகைப்படுத்தினார்.

* வரிசைச் சார்பு: பதிவுகள் குறிப்பிட்ட வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும் என நிரல் எதிர்பார்ப்பது.
* சுட்டுச் சார்பு: இன்டெக்ஸ் எனப்படும் தேடற்சுட்டு ஒன்று இருப்பதை நம்பி நிரல் எழுதப்படுவது. அச்சுட்டு நீக்கப்பட்டால் நிரல் செயலிழக்கும்.
* அணுகுவழிச் சார்பு: ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாதை நிரலுக்குள் எழுதப்பட்டிருப்பது.

மூன்றாவது சார்பை விளக்க அவர் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்தார். உதிரிப் பாகங்கள், அவற்றைப் பயன்படுத்தும் திட்டங்கள் ஆகியவற்றைப் பற்றிய ஒரே தரவை ஐந்து வெவ்வேறு மர அமைப்புகளில் அடுக்கிக் காட்டினார். இவற்றுள் ஏதேனும் ஒன்றை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட நிரல், எஞ்சிய நான்கில் குறைந்தது மூன்றில் தோல்வியடையும் என்று நிறுவினார். தரவு அதுவே, கேள்வியும் அதுவே, அடுக்கு முறை மட்டுமே வேறு என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இதற்குத் தீர்வாக, தரவு முழுவதையும் கணிதத்தில் தொடர்பு எனப்படும் கணங்களாகக் கொள்ளலாம் என்று காட் முன்மொழிந்தார். ஒரு தொடர்பை அட்டவணையாக எழுதிக் காட்டலாம். ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பதிவு. ஒவ்வொரு நெடுவரிசையும் பெயரிடப்பட்ட ஒரு பண்பு. கிடைவரிசைகளுக்கு இடையே முன்பின் ஒழுங்கு கிடையாது. அட்டவணைகளுக்கு இடையேயான இணைப்புகளும் மறைவான சுட்டிகளால் அன்றி, பணியாளர் எண் போன்ற கண்ணுக்குத் தெரியும் மதிப்புகளால் மட்டுமே குறிக்கப்படும். பயனர் தமக்கு எது வேண்டும் என்று மட்டும் கேட்கவேண்டும். அதை எவ்வழியில் எடுப்பது என்பதை அமைப்பு முடிவு செய்யும்.

இயல்பாக்கம்

ஒரே செய்தி பல இடங்களில் பதியப்பட்டிருந்தால், ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் விட்டுவிடும் பிழை நேரும். இதைத் தவிர்க்க அட்டவணைகளை முறையாகப் பிரிக்கும் நெறியை காட் வகுத்தார். இது இயல்பாக்கம் எனப்படுகின்றது. முதல் இயல் வடிவத்தின் கருத்து 1970 கட்டுரையிலேயே இடம்பெற்றது. இரண்டாம், மூன்றாம் இயல் வடிவங்களை அடுத்த இரு ஆண்டுகளில் வரையறுத்தார். 1974 இல் ரேமண்ட் பாய்ஸ் என்பவருடன் இணைந்து வரையறுத்த வடிவம் பாய்ஸ்-காட் இயல் வடிவம் என்று இருவர் பெயராலும் வழங்குகின்றது. இவை உலகெங்கும் கணினி அறிவியல் பாடத்திட்டங்களில் கற்பிக்கப்படுகின்றன.

எதிர்ப்பும் விவாதமும்

புதிய மாதிரிக்குப் பெரும் தடை ஐபிஎம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. ஐஎம்எஸ் அந்நிறுவனத்துக்கு நல்ல வருவாய் ஈட்டித்தந்த விளைபொருள். வாடிக்கையாளர்கள் அதற்காகப் பெருந்தொகை செலவிட்டு நிரல்களை எழுதியிருந்தனர். வேறொரு மாதிரியே சிறந்தது என்று அதே நிறுவனத்தின் ஆய்வாளர் வெளிப்படையாக எழுதுவது நிர்வாகத்துக்கு உவப்பானதாக இல்லை. காட் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வாடிக்கையாளர்களிடமும் அதன் பயன்களை எடுத்துரைத்தார்.

தொழில்நுட்ப அடிப்படையிலான எதிர்ப்பும் இருந்தது. அணுகுவழியை அமைப்பே தேர்ந்தெடுக்கும் என்றால், திறமையான நிரலாளர் கையால் எழுதிய வழியைவிட அது மெதுவாகவே இருக்கும் என்று பலர் கருதினர். அன்றைய கணினிகளின் வேகத்தில் இந்த ஐயம் நியாயமானதே. 1974 மே மாதம் ஆன் ஆர்பரில் நடந்த ஏசிஎம் பயிலரங்கில், வலையமைப்பு மாதிரியின் சார்பில் சார்லஸ் பாக்மனும் தொடர்புசால் மாதிரியின் சார்பில் காட்டும் தத்தம் தரப்பை முன்வைத்து வாதிட்டனர். பாக்மன் அதற்கு முந்தைய ஆண்டே டூரிங் விருது பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. தரவுத்தள வரலாற்றின் முக்கிய நிகழ்வுகளுள் ஒன்றாக இவ்விவாதம் நினைவுகூரப்படுகின்றது.

சிஸ்டம் ஆர் திட்டமும் எஸ்கியூஎல் மொழியும்

கோட்பாட்டைச் செயலில் நிறுவும் பொறுப்பை இரு குழுக்கள் ஏற்றன. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜீன் வாங் ஆகியோர் இங்கிரஸ் அமைப்பை உருவாக்கினர். சான் ஹோசே ஐபிஎம் ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. காட் தாம் வடிவமைத்த ஆல்ஃபா என்னும் மொழியை முன்மொழிந்திருந்தபோதும், சிஸ்டம் ஆர் குழுவினர் அதனைப் பயன்படுத்தவில்லை. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974 இல் வெளியிட்ட சீக்வெல் என்னும் மொழியே ஏற்கப்பட்டது. இது பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தரவுச் சார்பின்மை நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதைச் சிஸ்டம் ஆர் மெய்ப்பித்தது. அதில் ஒரு நிரல் மொழிமாற்றம் செய்யப்படும்போதே அதற்கேற்ற அணுகுவழியும் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டது. அவ்வழி எந்தத் தேடற்சுட்டை நம்பியுள்ளது என்பதையும் அமைப்பு குறித்துவைத்தது. பின்னர் அச்சுட்டு நீக்கப்பட்டால், அந்நிரல் அடுத்த முறை இயக்கப்படும்போது அமைப்பே புதிய வழியொன்றைத் தேர்ந்து அதனைப் புதுப்பித்துக்கொண்டது. நிரலாளர் ஒரு வரியையும் திருத்தவேண்டியதில்லை. பயனருக்குப் புதிய பதிப்பு எதையும் அனுப்பவேண்டியதில்லை. காட் 1970 இல் சுட்டுச் சார்பு என்று சுட்டிக்காட்டிய குறை இவ்வாறு நீக்கப்பட்டது.

எனினும் எஸ்கியூஎல் அடிப்படையிலான முதல் வணிகத் தரவுத்தளத்தை ஐபிஎம் வெளியிடவில்லை. பின்னாளில் ஆரக்கிள் எனப் பெயர்பெற்ற சிறிய நிறுவனம் 1979 இல் அதனை வெளியிட்டது. ஐபிஎம்மின் எஸ்கியூஎல்/டிஎஸ் 1981 இலும், டிபி2 1983 இலும் வெளிவந்தன. எஸ்கியூஎல் 1986 இல் அமெரிக்கத் தேசியத் தரமாகவும், 1987 இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

எஸ்கியூஎல் மொழி தம் மாதிரியை முழுமையாகப் பின்பற்றவில்லை என்று காட் குறைகூறி வந்தார். ஒரே கிடைவரிசை ஓர் அட்டவணையில் இருமுறை வருவதை அம்மொழி அனுமதித்தது. கணங்களில் ஒரே உறுப்பு இருமுறை இடம்பெற இயலாது என்பதால், இது கோட்பாட்டுக்கு முரணானது என்பது அவரது நிலைப்பாடாகும்.

பன்னிரண்டு விதிகள்

1980களில் தொடர்புசால் என்னும் சொல்லுக்குச் சந்தை மதிப்புக் கூடியது. பழைய அமைப்புகளின்மேல் ஒரு மேற்பூச்சைச் சேர்த்து அவற்றையும் அப்பெயரால் விற்கச் சில நிறுவனங்கள் முற்பட்டன. இதற்கு எதிர்வினையாக 1985 இல் கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழில், உண்மையான தொடர்புசால் அமைப்பு ஒன்று நிறைவுசெய்யவேண்டிய விதிகளை காட் வெளியிட்டார். 0 முதல் 12 வரை எண்ணிடப்பட்டிருப்பதால் இவை எண்ணிக்கையில் பதின்மூன்று. எனினும் பன்னிரண்டு விதிகள் என்றே வழங்குகின்றன.

இவற்றுள் அடுத்தடுத்து வரும் நான்கு விதிகள் மாற்றங்களிலிருந்து பயனர்களின் நிரல்களைக் காப்பது பற்றியவை.

* விதி 8, புறநிலைத் தரவுச் சார்பின்மை: சேமிப்பு முறையோ அணுகுவழியோ மாறினாலும் நிரல்கள் பாதிக்கப்படக்கூடாது.
* விதி 9, தருக்கநிலைத் தரவுச் சார்பின்மை: செய்தி இழப்பு ஏற்படாத வகையில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டாலும் நிரல்கள் பாதிக்கப்படக்கூடாது.
* விதி 10, ஒருமைப்பாட்டுச் சார்பின்மை: தரவுக்கான கட்டுப்பாடுகள் தனித்தனி நிரல்களில் அன்றி, தரவுத்தளத்தின் விவரப் பட்டியலில் பதியப்படவேண்டும்.
* விதி 11, பரவல் சார்பின்மை: ஒரே கணினியில் இருந்த தரவு பல கணினிகளுக்குப் பிரிக்கப்பட்டாலும் நிரல்கள் பாதிக்கப்படக்கூடாது.

எல்லா விதிகளையும் முழுமையாக நிறைவுசெய்வது கடினம் என்பதால், இவை ஓர் இலக்காகவே கொள்ளப்படுகின்றன.

அலுவலக மென்பொருள் இற்றைப்படுத்தலில் தாக்கம்

காட் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் தரவும் நிரல்களும் ஒரே பெருங்கணினியில் இருந்தன. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் தனியாள் கணினிகள் அலுவலக மேசைகளுக்கு வந்தபோது நிலைமை மாறியது. பகிர்ந்த அட்டவணைகள் வலையமைப்பில் ஓரிடத்தில் இருக்க, படிவங்களையும் அறிக்கைகளையும் கொண்ட நிரலின் படி ஒவ்வொரு மேசையிலும் நிறுவப்பட்டது. முதற்பகுதி பின்முனை என்றும், பயனரிடம் உள்ள பகுதி முன்முனை என்றும் வழங்கப்படும். 1992 இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்செஸ் போன்ற சிறிய தரவுத்தள மென்பொருள்களிலும் இவ்வாறு பிரித்து வைப்பதே நல்ல வழக்கமாகக் கொள்ளப்பட்டது.

ஐம்பது மேசைகளில் ஐம்பது படிகள் இருக்கும்போது அனைத்தையும் ஒரே நொடியில் மாற்றுவது இயலாது. ஒருவர் விடுப்பில் இருப்பார். ஒருவரின் கணினி அணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில நாட்களாவது ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும். இது இயல்வது தரவுச் சார்பின்மையினால்தான்.

அட்டவணையில் புதிய நெடுவரிசை ஒன்று சேர்க்கப்பட்டால், தனக்கு வேண்டிய நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழைய நிரல் வழக்கம்போல் இயங்கும். ஓர் அட்டவணை இரண்டாகப் பிரிக்கப்பட்டால், வியூ எனப்படும் தோற்ற அட்டவணை ஒன்றைப் பழைய பெயரிலேயே உருவாக்கி, அவ்விரண்டையும் இணைத்துக் காட்டலாம். பழைய நிரலுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. விடுப்பு நாட்களின் உச்ச அளவு போன்ற விதி மாறினால், தரவுத்தளத்தில் பதிந்த கட்டுப்பாட்டைத் திருத்தினால் போதும். புதிய பதிப்பு சென்றடையாத மேசையிலிருந்தும் விதிக்கு மாறான பதிவு நுழைய இயலாது.

புதிய முன்முனையைப் பயனர்களிடம் சேர்ப்பதற்கும் பகிர்ந்த தரவுத்தளமே பயன்படுகின்றது. நடப்புப் பதிப்பின் எண் ஒரு சிறிய அட்டவணையில் வைக்கப்படும். பயனர் காலையில் நிரலைத் திறக்கும்போது, தன் பதிப்பு எண்ணை அது அவ்வட்டவணையுடன் ஒப்பிடும். வேறுபாடு இருந்தால், பொதுக் கோப்புறையிலிருந்து புதிய படியை எடுத்துக்கொண்டு மீண்டும் தொடங்கும்.

இம்முறைக்கு வரம்புகளும் உள்ளன. நெடுவரிசை ஒன்று நீக்கப்பட்டால் அதைக் கேட்கும் பழைய நிரல் தோல்வியடையும். விதி 9 செய்தி இழப்பு ஏற்படாத மாற்றங்களை மட்டுமே குறிப்பிடுவதற்குக் காரணம் இதுவே. மேலும், தோற்ற அட்டவணை வழியாகத் தரவைப் படிப்பது எளிது. எழுதுவது எப்போதும் இயல்வதன்று. தோற்ற அட்டவணையில் செய்யும் திருத்தம் அடிப்படை அட்டவணைகளுள் எதனைச் சேரவேண்டும் என்பது சில வேளைகளில் ஐயத்துக்கு இடமாகும். எனவே பெரிய மாற்றங்கள் படிப்படியாகச் செய்யப்படுகின்றன. முதலில் புதிய நெடுவரிசைகள் சேர்க்கப்படும்; அடுத்து முன்முனைகள் அனைத்தும் புதுப்பிக்கப்படும்; கடைசிப் பயனரும் புதிய பதிப்புக்கு மாறியபின்னரே பழைய நெடுவரிசைகள் நீக்கப்படும்.

பிற்காலம்

1970களில் காட், பயனர் இயல்பான ஆங்கிலத்தில் வினவ உதவும் ராண்டவூ என்னும் திட்டத்தில் ஈடுபட்டார். வினா தெளிவற்றதாக இருந்தால், பயனரிடமே திருப்பிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அதன் சிறப்பாகும். 1979 இல் தமது மாதிரியை விரிவாக்கி மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். 1984 இல் ஐபிஎம்மிலிருந்து ஓய்வுபெற்றார். பின்னர், தொடர்புசால் மாதிரியைப் பரப்புவதில் முன்னின்ற கிறிஸ் டேட் என்பவருடன் இணைந்து ஆலோசனை நிறுவனம் நடத்தினார். தமது மாதிரியின் இரண்டாம் பதிப்பை விளக்கும் நூலை 1990 இல் வெளியிட்டார்.

1993 இல் பெருந்தரவைப் பல கோணங்களில் தொகுத்து ஆராயும் முறைக்கு ஓலாப் என்னும் பெயரை அறிமுகப்படுத்தி, அதற்கும் பன்னிரண்டு விதிகளை வகுத்தார். அத்துறையில் மென்பொருள் விற்றுவந்த ஆர்பர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நிதியுதவியுடன் இப்பணி செய்யப்பட்டது பின்னர் தெரியவந்தது. இது குறித்த கட்டுரையை வெளியிட்ட கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழ் அதனை மீளப்பெற்றுக்கொண்டது. இந்நிகழ்வு விமர்சனத்துக்கு உள்ளானபோதிலும், ஓலாப் என்னும் சொல் துறையில் நிலைபெற்றுவிட்டது.

விருதுகளும் சிறப்புகளும்

* 1976 இல் ஐபிஎம் ஃபெல்லோ என்னும் உயர்நிலைக்கு உயர்த்தப்பட்டார்.
* 1981 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். விருதுரையில் தொடர்புசால் தரவுத்தளத்தை நிரலாளரின் ஆக்கத்திறனுக்கான அடித்தளமாக எடுத்துரைத்தார். தரவுச் சார்பின்மை, எளிதில் விளங்கும் தன்மை, பதிவுகளைக் கணமாகக் கையாளுதல் ஆகிய மூன்றையும் தம் நோக்கங்களாக வரிசைப்படுத்தினார்.
* அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.
* தரவு மேலாண்மைக்கான ஏசிஎம் சிறப்புக் குழு, புத்தாக்கத்துக்காக வழங்கிவந்த விருதுக்கு 2004 இல் இவரது பெயரைச் சூட்டியது.

மறைவு

எட்கர் காட் 2003 ஏப்ரல் 18 அன்று புளோரிடா மாநிலத்தின் வில்லியம்ஸ் ஐலண்ட் என்னுமிடத்தில் தமது இல்லத்தில் இதயச் செயலிழப்பினால் காலமானார். அப்போது அவருக்கு வயது 79.

ஐடிஎஸ், ஐஎம்எஸ் ஆகியவற்றின் காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் தரவின் வடிவத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. அப்பிணைப்பை அவிழ்த்ததே காட்டின் முதன்மைப் பங்களிப்பு எனலாம். அவர் விரும்பிய முழுமையான தருக்கநிலைச் சார்பின்மையை எந்த வணிகத் தரவுத்தளமும் எட்டவில்லை. எனினும், பலர் பகிரும் தரவுத்தளம் ஒன்றில் வேலை தடைப்படாமல் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும், அவர் 1970 இல் வகுத்த பிரிவினையே அதற்கு வழிசெய்கின்றது.